‘எங்கள் நாய் இல்லை’ என்று சொல்ல வைக்காத விதி வேண்டும்: டெல்டா ஊராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகையின் கிராம ஊராட்சித் தலைவர்களுக்கும், தலைவர் இல்லாத காலத்தில் அப்பொறுப்பை வகிக்கும் தனி அலுவலர்களுக்கும், ஊராட்சிச் செயலர்களுக்கும், கிராம சபைக்கு வந்து கையெழுத்திடும் மக்களுக்கும் வணக்கம்.

திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் கால்நடை மருந்தகங்களில் 30 ஆண்டுகளுக்கு மேல் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாட்டுக்குச் சினை ஊசி போடுவதிலும் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பதிலும்தான் என் வேலைநாளின் பெரும்பகுதி போனது. நாய்களுக்கு வெறிநோய்த் (ரேபிஸ்) தடுப்பூசி போட்டது அதில் ஒரு சிறு பங்கு. ஆனாலும், அந்தச் சிறு பங்கில் கண்டவைதான் ஓய்வுக்குப் பிறகும் என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கின்றன. வீட்டு நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஊராட்சிகள் விதி வகுக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது பல ஊர்களில் எழுந்திருக்கிறது. அது நல்ல பேச்சு. விதி எழுதும் கைகளுக்கு முன்னதாக என் அனுபவம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு முகாமில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டு, ஐஸ் பெட்டியில் மருந்துடன் உட்கார்ந்திருந்தோம். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, அம்மாவின் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கயிறாக்கி, செவலை நிற நாட்டு நாய் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தன் கன்னத்தை அதன் காதோடு வைத்து, “வலிக்காதுடா, வலிக்காதுடா” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே, பிடரித் தோலைத் தூக்கி ஒரு மில்லி மருந்தைச் செலுத்தி முடித்தேன். நாய் ஒரு முறை உடலை உதறியதோடு சரி. அட்டையில் நாயின் பெயர் ‘மணி’ என்று எழுதி, ‘உரிமையாளர்’ என்ற கட்டத்துக்கு வந்தபோது, எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த அவள் தந்தை எழுந்து வந்து, “சார், எங்க நாய்னு எழுதிக்காதீங்க. சோறு போடுறோம், அவ்வளவுதான்” என்றார். அந்தச் சிறுமி தந்தையைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அட்டையை அவள் கையில் கொடுத்தேன்.

அந்தத் தந்தையை நான் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு அந்த நாய் யாரையாவது கடித்தால், எழுத்தில் தன் பெயர் இருப்பது வழக்குக்கு வழியாகும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சம் ஆதாரம் இல்லாததும் அன்று. விலங்கை வைத்திருப்பவர் கவனக்குறைவாக இருந்து பிறருக்கு ஆபத்து உண்டாக்கினால் 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் அதன் உரிமையாளரையும், தெரு நாய்களுக்கு உள்ளாட்சி அமைப்பையும் பொறுப்பாக்குகின்றன. ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலான நாய்கள் இந்த இரண்டு வகையிலும் அடங்குவதில்லை. காலையில் ஒரு வீட்டில் பழைய சோறு, மதியம் தேநீர்க் கடை வாசலில் பொறை, இரவில் பம்பு செட்டிலோ நெற்களத்திலோ காவல் என்று மூன்று இடத்தில் வாழும் நாய்க்கு உரிமையாளர் யார்? பெயர் சொல்லி அழைத்தால் வருகிறது. அதற்கு முறையாக ஊசி போட வேண்டியவர் என்று ஒருவரும் இல்லை. வெறிநோய் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

சென்னை மாநகராட்சி, வளர்ப்பு நாய்களுக்கும் பூனைகளுக்கும் உரிமம் பெறுவதையும் மைக்ரோசிப் பொருத்துவதையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருக்கிறது. மாடிக் குடியிருப்பில் கதவுக்கு உள்ளே வளரும் நாய்களுக்கு அது பொருந்தலாம். அதை அப்படியே எடுத்து நம் ஊராட்சிகளில் ஒட்டினால் என்ன நடக்கும் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்: ஒரே இரவில் ஊரில் உள்ள அத்தனை நாய்களும் ‘எங்கள் நாய் இல்லை’ ஆகிவிடும். கூலி வேலைக்குப் போகும் குடும்பம், சோறு மட்டுமே போட்டுவரும் ஒரு நாய்க்காக அவ்வளவு பணத்தைப் பணயம் வைக்காது. கயிற்றை அவிழ்த்து விட்டுவிடும். நான் முதன்மையாகக் கேட்டுக்கொள்வது இதுதான்: நாயைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்வதை எளிதாக்கும் விதியாக இருக்கட்டும்; ஒப்புக்கொள்பவரைத் தண்டிக்கும் விதியாக இருக்க வேண்டாம்.

ஆகவே பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். அதில் ‘உரிமையாளர்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘சோறு போடும் வீடு’ என்று ஒரு கட்டம் போடுங்கள். ஒரு நாய்க்கு இரண்டு, மூன்று வீடுகளை எழுத இடம் இருக்கட்டும். அந்த வீடுகளின் கடமை ஒன்றே ஒன்று: ஆண்டுக்கு ஒரு முறை, ஊராட்சி குறிக்கும் நாளில், அந்த நாயைப் பிடித்துக்கொடுக்க வேண்டும். நாய் பிடிப்பவர்கள் வலையோடு வந்தால் ஊர் எல்லை தாண்டி ஓடும் நாய், சோறு போடும் கைக்குக் கட்டுப்பட்டு நிற்கும். நாட்டு நாய்க்கு ஊசி போடுவதில் உள்ள சிரமம் அனைத்தும் அதைப் பிடிப்பதில்தான் இருக்கிறது. ஓர் ஊரில் உள்ள நாய்களில் 100க்கு 70க்குக் குறையாமல் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுவந்தால், நோய் ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தாவ வழியில்லாமல் அற்றுப்போகும் என்பது உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. ‘ஆண்டுதோறும்’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் நாட்டு நாய்களின் ஆயுள் குறுகியது. இந்த ஆண்டு ஊசி போட்டவற்றில் பல அடுத்த ஆண்டு இருப்பதில்லை, அவற்றின் இடத்தில் ஊசி அறியாத குட்டிகள் வந்துவிடுகின்றன. ஒரு முறை முகாம் நடத்திப் படம் எடுத்து மாட்டிவிட்டு மூன்று ஆண்டுகள் சும்மா இருந்தால், முகாம் நடத்தாத ஊருக்கும் அந்த ஊருக்கும் வேறுபாடு இராது.

முகாமின் காலத்தை நம் நிலத்தின் நடைமுறையை ஒட்டிக் குறிக்க வேண்டும். அரசு நாட்காட்டியில் உலக வெறிநோய் நாள் செப்டம்பர் 28. வெறிநோய்த் தடுப்பூசியைக் கண்ட லூயி பாஸ்டர் 1895இல் மறைந்த நாள் அது. விழிப்புணர்வுக்கு அந்த நாள் நல்ல நாள்தான். ஆனால் டெல்டாவில் அது குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நேரம். வீட்டில் நாயைப் பிடிக்க ஆள் இருக்காது. நான் பரிந்துரைப்பது பங்குனிக் கடைசியிலிருந்து சித்திரை முடிய உள்ள நாட்கள். சம்பா, தாளடி அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்து, வயல் வெறுமையாகக் கிடக்கும் காலம் அது. பள்ளி விடுமுறையும் சேர்ந்துவிடும். முகாமுக்கு நாயைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தான் என்பதால் இது சிறிய செய்தியன்று. வெறிநோய் ஐயமுள்ள விலங்கு கடித்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. நாயோடு அதிகம் பழகும் கைகள் எவையோ அவையே அதிகம் கடிபடுகின்றன.

அந்தக் காலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறப்பதற்கு முன், ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் எனப்படும் ஆட்டிடையர்கள் மந்தைகளை ஓட்டிவந்து, வயலுக்கு எரு சேர நம் வயல்களில் கிடை போடுகிறார்கள்; அறுவடைத் தாளில் மேய்க்க வாத்துக் கூட்டங்களும் வருகின்றன. கிடைக்குக் காவலாக வரும் நாய்கள் நம் ஊர் நாய்களோடு கடித்துக்கொள்கின்றன, கூடுகின்றன, பிறகு அடுத்த ஊருக்கு நடக்கின்றன. எந்த ஊரின் பதிவேட்டிலும் அவற்றுக்கு இடம் இல்லை. கிடை போட்டிருக்கும் வயலின் சொந்தக்காரர், கிடைக்கூலி பேசும்போதே நாய்கள் எத்தனை என்று கேட்டு ஊராட்சிக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். கீதாரிகள் இதற்கு மறுப்புச் சொல்லிப் பார்த்ததில்லை. தங்கள் நாயைத் தங்கள் ஆட்டைப் போலவே மதிப்பவர்கள் அவர்கள். அவர்களைத் தேடிப்போய்க் கேட்டவர்கள்தான் இல்லை.

குட்டிகளைப் பற்றி அடுத்து. “குட்டிக்கு எதுக்கு ஊசி, அது என்ன கடிக்கவா போவுது” என்ற வார்த்தையை நான் கேட்காத தெரு இல்லை. அந்த வார்த்தை செய்ததை ஓர் ஆவணி மாதத்தில் நேரில் கண்டேன். ஒரு வீட்டுப் பசு தீவனம் எடுக்கவில்லை, எச்சில் நூல் நூலாகத் தொங்குகிறது, பனங்கொட்டை தொண்டையில் சிக்கியிருக்கும் என்று ஆள் அனுப்பினார்கள். பனம்பழக் காலம் என்பதால் எவரும் ஐயப்படவில்லை. நான் போவதற்குள் வீட்டுக்காரரும், அவர் மகனும், பக்கத்து வீட்டுப் பெரியவரும் ஒருவர் பின் ஒருவராகப் பசுவின் வாய்க்குள் கையை விட்டுத் துழாவியிருந்தார்கள். எதையும் விசாரிக்காமல் நானும் கையை விட்டேன். கேட்டபின் செய்ய வேண்டியதைக் கேட்குமுன் செய்தது என் பிழை. அதை இன்றும் ஒப்புக்கொள்கிறேன். கையை எடுத்த பிறகுதான் பசு கத்தியது. அடித்தொண்டையிலிருந்து, கரகரத்து, முடிவில் உடைந்துபோகும் அந்தக் கத்தலை ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பின்னங்கால்கள் அப்போதே துவளத் தொடங்கியிருந்தன. ஏதாவது கடித்ததா என்று கேட்டேன். வீட்டம்மா யோசித்து, ஆடி மாதத் தொடக்கத்தில் மகன் சந்தையிலிருந்து ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்ததாகவும், அது கொட்டிலில் பசுவின் மூக்கைக் கவ்வியதாகவும், நான்கே நாளில் செத்துப்போனதாகவும், வாய்க்காலில் விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்து வெறிநோய் என்றே முடிவு செய்தார். மூன்றாம் நாள் பசு இறந்தது. கையை விட்ட நான்கு பேரும் தடுப்பூசி போட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறோம். அந்த வீட்டில் பால் வாங்கிய 11 குடும்பங்கள் நடுங்கிப்போய் ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் நின்றன. பாலைக் காய்ச்சிக் குடித்தவர்களுக்கு அச்சம் தேவையில்லை என்று மருத்துவர் எடுத்துச் சொல்லி அனுப்பினார். காய்ச்சும் சூட்டில் அந்தக் கிருமி நிற்காது.

அந்த ஒரு குட்டியின் கதையிலிருந்து விதி பல பிறக்கும். மூன்று மாதம் நிறைந்த குட்டிக்கு முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று என்பது வழக்கமான முறை. பூனைக்கும் இதேதான், வீட்டுப் பூனை எலியை மட்டுமே பார்க்கும் என்று விட்டுவிடக் கூடாது, இரவில் அது நாயையும் கீரியையும் சந்திக்கிறது. தெரியாத இடத்திலிருந்து குட்டி வாங்கி வருபவர், அது எந்த ஊர்க் குட்டி என்பதைப் பதிவேட்டில் சொல்ல வேண்டும். குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த ஊர் எல்லையில் போட்டுவிட்டு வரும் வழக்கத்தை ஊராட்சிகள் தங்களுக்குள் பேசி நிறுத்த வேண்டும். நாம் அக்கரையில் போட்டால் அவர்கள் இக்கரையில் போடுகிறார்கள். அந்தச் சாக்குகளை நான் அவிழ்த்திருக்கிறேன். குட்டிகள் வேண்டாதவர்கள் பெட்டை நாயைக் கருத்தடைக்குக் கொடுக்கலாம். அதற்கான ஏற்பாட்டை ஊராட்சி ஒன்றிய அளவில் செய்து, வண்டி அனுப்பி, அறுவை முடிந்து அதே தெருவில் கொண்டுவந்து விட வேண்டும். கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளதும் ஐயத்துக்குரியதும் மூர்க்கமானதும் அதற்கு விலக்கு என்பதை உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று சொல்லியிருக்கிறது.

செத்த நாயை வாய்க்காலில் விடுவதற்குத் தனியாக ஒரு தடை வேண்டும். வாயில் உமிழ்நீர் ஒழுகிச் செத்த நாயை வெறுங்கையால் தூக்குபவர் நம் தூய்மைப் பணியாளர். அவருக்குக் கையுறையும், கடிபடுவதற்கு முன்பே போடும் தடுப்பூசியும் ஊராட்சியின் செலவில் கிடைக்க வேண்டும். இது சலுகை அன்று, நிலுவை. வெறிநோய் என்று ஐயப்படும் விலங்கைப் பற்றிக் கிராம அலுவலருக்கோ ஊராட்சிப் பொறுப்பாளருக்கோ தெரிவிப்பது வைத்திருப்பவரின் கடமை என்று கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே கூறுகிறது. ஆகவே சொல்ல வருபவரை வரவேற்க ஒரு தொலைபேசி எண்ணும், அதை எடுக்க ஓர் ஆளும் இருந்தால் போதும். அவர் கால்நடை மருத்துவருக்குச் சொல்வார். தக்க நேரத்தில் மூளை மாதிரி எடுத்தால்தான் நோய் உறுதிப்படும். நமக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

இனி, கடித்தபின் நாயை என்ன செய்வது என்ற கேள்வி. ஊரில் உடனே கம்பு எடுக்கிறார்கள். அடித்துக் கொன்றுவிட்டால், அந்த நாய்க்கு நோய் இருந்ததா என்று அறியும் எளிய வழி அடைபட்டுப் போகிறது. கடிக்கும் நேரத்தில் உமிழ்நீரில் கிருமி உள்ள நாயோ பூனையோ 10 நாளுக்குள் நோய் காட்டி இறந்துவிடும். ஆகவே பதிவேட்டில் உள்ள நாய் கடித்தால், சோறு போடும் வீடு அதைக் கட்டிவைத்து 10 நாள் கவனிக்க வேண்டும். ஊராட்சி தினமும் ஒருவரை அனுப்பிப் பார்க்க வேண்டும். இதை அன்போடு எச்சரிக்கிறேன்: நாயைக் கவனிப்பது வேறு, ஊசிக்குக் காத்திருப்பது வேறு. ‘நாய் நல்லாத்தான் இருக்கு, 10 நாள் பார்ப்போம்’ என்று கடிபட்டவரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே முதல் ஊசி போட வேண்டும். பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் காப்பித் தூளும் காயத்தில் வைக்கக் கூடாது. இரத்தம் வரும் கடிக்கு ஊசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரதமும் (இம்யூனோகுளோபுலின்) தேவை. அதை மருத்துவரிடம் கேட்டே பெற வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயத்தால் இன்னும் மந்திரிக்கப் போகும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழைய மருந்தை நாடு 2004ஆம் ஆண்டோடு கைவிட்டுவிட்டது என்பதை முகாம் நடக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். நோய்க்குறி தோன்றிவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. 2024இல் தமிழ்நாட்டில் நாய்க்கடி ஏறத்தாழ 4.8 லட்சம் என்றும் வெறிநோய் இறப்பு 43 என்றும் பதிவாயின. அந்த 43 பேரும் தவிர்த்திருக்கக் கூடிய சாவைச் செத்தவர்கள் என்று நினைக்கும்போது என் நெஞ்சு கனக்கிறது.

அபராதம் வேண்டவே வேண்டாமா என்று கேட்பீர்கள். முதல் ஆண்டு வேண்டாம். இரண்டாம் ஆண்டு, முகாம் தெருவுக்கே வந்தும் நாயைக் கொடுக்க மறுத்த வீட்டுக்கும், கடித்த நாயை 10 நாளுக்குள் அவிழ்த்துவிட்ட வீட்டுக்கும், கோழிக் கடைக் கழிவை வாய்க்கால் கரையில் கொட்டி நாய்க் கூட்டத்தை வளர்க்கும் கடைக்கும் போடுங்கள். அட்டை வைத்திருப்பவரை ஊராட்சி பாதுகாக்கும் என்பதும் ஊருக்குத் தெரியட்டும்: ஊசி போட்ட நாய் என்பதற்கு அந்த ஆண்டின் நிறத்தில் ஒரு கழுத்துப் பட்டை கட்டி, அந்தப் பட்டையுள்ள நாயை எவரும் அடிக்கவோ விரட்டிக்கொண்டுபோய் வேறு ஊரில் விடவோ கூடாது என்று தீர்மானம் எழுதினால், தன் நாயைத் தன்னுடையது என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். கோவாவில் பல ஆண்டுகள் வீடு வீடாகவும் தெருத் தெருவாகவும் நாய்களுக்கு ஊசி போட்டு, 2021இல் வெறிநோய் கட்டுக்குள் வந்த மாநிலம் என்று அறிவித்தார்கள். அவர்களுடைய நாய்களும் நம் நாய்களைப் போன்றவைதான்.

வருகிற சனவரி 26 கிராம சபையின் பொருள்பட்டியலில் இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்போது தீர்மானம் எழுதினால், பங்குனிக்குள் பதிவேடு எடுத்து, மருந்துக்குக் கால்நடை மருந்தகத்தில் எழுதிக்கொடுத்து, அதை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரை குளிரில் வைக்க ஐஸ் பெட்டியும் ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும். வெயில் ஏறுமுன் காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். என் வட்டத்தில் எந்த ஊராட்சி அழைத்தாலும், ‘சோறு போடும் வீடு’ என்ற கட்டத்தை நிரப்ப வீடு வீடாக நான் வருகிறேன். வாய்க்கட்டு கட்டுவதையும் நாயைப் பிடிப்பதையும் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். நான் ஒரு முறை வெறுமையாக விட்டுவந்த கட்டத்தை இந்த முறை நிரப்பிவிட்டு வர விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.